பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் யார் மீது யார் மோதினார்?

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாசர்பாடியில் உள்ள தங்கை வீட்டுக்குக் காரில் கிளம்பினேன். வள்ளலார் நகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் நாங்கள் இன்றும் மின்ட் என்றே சொல்லும் பேருந்து நிலையத்தைக் கடந்து, பேசின் பிரிட்ஜ் பாலத்தின் ஏற்றத்துக்கு வந்தபோது வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தன. எனக்கு முன்னால், குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்று, அட்டைப் பெட்டிகளை உயரமாக அடுக்கித் தார்ப்பாய் போர்த்திய நிலையில் நின்றது. எனக்கு இடப்பக்கம் ஒரு மாநகரப் பேருந்து நின்றது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அம்மாவிடம் மாத்திரை எடுத்து வைத்தாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்ற வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது, ஆனால் வண்டி மேலே ஏறவில்லை, பின்னால் வந்தது. ஹாரனில் கை வைக்கும் நேரம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அதன் பின்கதவின் கீழ்விளிம்பு என் காரின் பானட் முனையில் ஏறி, முன்பக்கக் கிரில்லை நொறுக்கி, பம்பரைப் பிளந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. என் காரையும் தன் வண்டியையும் பார்த்தார். பிறகு, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "இன்னாக்கா, பாத்து வரக் கூடாதா, வந்து இடிச்சிட்டீங்களே" என்றார்.

நான் கதவைத் திறந்து இறங்கியவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் சொல் "சாரி" என்பதுதான். யாராவது பதற்றமாக இருந்தால் அப்படிச் சொல்லிப் பழகிய நாக்கு அது. அந்த ஒரு சொல், அடுத்த மூன்று வாரங்களில் நான்கு வெவ்வேறு மனிதர்களின் வாயிலிருந்து எனக்கு எதிரான சாட்சியமாகத் திரும்பி வந்தது. "மேடமே சாரி சொன்னாங்க சார்" என்பதைவிட எளிதாகக் கூட்டத்தை நம்பவைக்கும் வாக்கியம் வேறு இல்லை. வழக்கறிஞராக இருக்கும் என் பெரியப்பா மகன், வருத்தம் தெரிவிப்பது மட்டுமே தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது என்று பின்னால் ஆறுதல் சொன்னார். ஆனால் சிறு விபத்துகளில் பெரும்பாலானவை நீதிமன்றம் வரை போவதில்லை, சாலையிலேயே தீர்க்கப்படுகின்றன, அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு எடை இருக்கிறது. இப்போது யாராவது என்னிடம் கேட்டால், இறங்கியவுடன் "உங்களுக்கு அடி ஏதும் பட்டதா?" என்று கேளுங்கள் என்பேன். அக்கறையும் அதில் இருக்கிறது, பொய்யும் இல்லை, பழியும் இல்லை.

பின்னால் வந்தவர் மீதுதான் தவறு என்ற எண்ணம் நம் சாலைகளில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. முன்னால் செல்லும் வண்டி திடீரென நின்றாலும் மோதாமல் நிறுத்துவதற்குப் போதிய இடைவெளியுடன் பின்தொடர வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. லாரிக்குப் பின்னால் 10, 15 அடி இடைவெளியில் சென்று மோதிய ஒரு காரின் வழக்கில், 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டுநரின் கவனக்குறைவையே காரணமாகக் கொண்டது. அதனால் ஒரு வண்டியின் முகமும் இன்னொரு வண்டியின் முதுகும் ஒட்டி நிற்பதைப் பார்க்கும் எவரும், காவலர் உட்பட, முகம் உடைந்த வண்டியையே குற்றவாளியாக எண்ணுகிறார்கள். ஆனால் அது ஒரு தொடக்க எண்ணம் மட்டுமே. முன்னால் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டு வந்தது என்பதைக் காட்ட முடிந்தால் அந்த எண்ணம் தலைகீழாகிவிடும். காட்ட வேண்டிய பொறுப்பு மட்டும், கெட்ட வேளையாக, பின்னால் நின்றவர் தலையில் விழுகிறது.

நான் ராஜாஜி சாலைக்கு அருகில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு வேலை பார்க்கிறேன். மணலி, திருவொற்றியூர் யார்டுகளில் கண்டெய்னர் கைமாறும்போது இ.ஐ.ஆர். என்று ஒரு சீட்டு போடுவார்கள். பெட்டியில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று குறித்த பிறகே இரு தரப்பும் கையெழுத்திடும். நசுங்கல் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர், பிறகு எத்தனை சத்தியம் செய்தாலும் அந்த நசுங்கலுக்கு அவரே பணம் கட்ட வேண்டும். அந்தச் சீட்டுகளைக் கோப்பில் அடுக்கி அடுக்கிப் பழகிய எனக்கு, பாலத்தின் மேல் நிற்கும்போது தோன்றியது ஒன்றுதான்: இப்போது இருக்கும் நிலையை இப்போதே பதிவு செய்யாவிட்டால், இன்னும் பத்து நிமிடத்தில் இந்த இடத்தில் எதுவுமே இருக்காது.

பின்னால் ஹாரன்கள் அலறின. வண்டியை எடுங்கள் என்று பலர் கத்தினார்கள். நான் கைபேசியை எடுத்து, எதையும் நகர்த்துவதற்கு முன் படம் பிடிக்கத் தொடங்கினேன். இதில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முதல் நான்கு படங்களும் உடைந்த பம்பரின் அண்மைப் படங்கள். உடைந்த இடத்தை மட்டும் காட்டும் படம், அது எங்கே, எப்படி உடைந்தது என்பதைச் சொல்லாது. ஐந்தாவது படத்தில்தான் பத்து அடி பின்னால் தள்ளி நின்று, இரண்டு வண்டிகளும் பாலத்தின் கைப்பிடிச் சுவரும் விளக்குக் கம்பமும் ஒரே சட்டத்துக்குள் வருமாறு எடுத்தேன். பிறகு உதவிய படங்கள் இவைதான்: இரு வண்டிகளும் கம்பமும் சேர்ந்த அகலப் படம், தரையில் கிரில் துண்டுகள் விழுந்து கிடந்த இடம், காருக்குள் இழுத்த நிலையில் இருந்த ஹேண்ட் பிரேக், முன்வண்டியின் பதிவெண், கடைசியாகப் பக்கவாட்டில் நின்ற பேருந்தின் பதிவெண். பிறகு ஒரு நிமிடக் காணொளியும் எடுத்தேன். அதில் நேரத்தையும் இடத்தையும் என் குரலிலேயே சொன்னேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை.

சாட்சியைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். காருக்குள் இருந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்தவர், "நம்ம வண்டி நின்னுட்டுத்தானேம்மா இருந்துச்சு" என்று நடுங்கிய குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் பெற்ற தாயின் சாட்சியத்துக்கு அங்கே எந்த மதிப்பும் கிடைக்கவில்லை. கூடி நின்றவர்களில் பெரும்பாலோர் சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் பார்த்தவர்கள், அதாவது மோதலைப் பார்க்கவில்லை, மோதிய பிறகான நிலையைப் பார்த்தார்கள். அவர்களில் மூவர் நான்தான் மோதினேன் என்று உறுதியாகச் சொன்னார்கள், அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் பேருந்தின் வலப்பக்க ஜன்னலோரம் அமர்ந்திருந்த, மடியில் காலிக் கூடையை வைத்திருந்த ஒரு மீன்கார அம்மா, "யம்மா, அந்த வண்டிதான் உருண்டு வந்துச்சு, நான் பாத்தேன், நீ எதுக்கு வாய மூடிக்கினு நிக்கிற" என்று ஜன்னல் கம்பி வழியாகக் கூவினார்.

பேருந்து நகரத் தொடங்கிவிட்டது. நான் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவர் அனுமதியுடன் கைபேசியில் பதிவை ஓடவிட்டு, "நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டேன். அவர் தம் சொற்களில் ஒரு வாக்கியம் சொன்னார். மகனின் கைபேசி எண்ணைச் சொன்னார். மொத்தம் அரை நிமிடம். சாட்சியைக் காவல் நிலையத்துக்கு வாருங்கள் என்று அழைத்தால் பத்தில் ஒன்பது பேர் நழுவிவிடுவார்கள், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஒரு வாக்கியமும் ஒரு எண்ணும் போதும் என்று கேட்டால் தருகிறார்கள். அந்த வாக்கியத்தை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அவர்தானே மோதினார்?" என்று கேட்டு வாங்கும் பதில், கேட்டவருடைய பதிலாகவே கருதப்படும்.

112-ஐ அழைத்திருந்தேன். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, இரண்டு வண்டிகளையும் பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டச் சொன்னார். அதற்குள் குட்டி யானையின் உரிமையாளர் இருசக்கர வாகனத்தில் வந்து சேர்ந்துவிட்டார். பின்கதவு நெளிந்துவிட்டது, அதைச் சரிசெய்ய 4,000 ரூபாய் ஆகும், கொடுத்துவிட்டால் பேச்சே இல்லை என்றார். கொடுக்கும்வரை என் காரின் சாவியையும் ஓட்டுநர் உரிமத்தையும் தம்மிடம் தர வேண்டும் என்றார். அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் உரிமை தனிநபர் எவருக்கும் இல்லை. உரிமத்தையும் பதிவுச் சான்றையும் அரசின் டிஜிலாக்கர் செயலியில் காவலரிடம் காட்டினேன், அது செல்லும். அம்மா உள்ளே இருக்க, கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அந்த 4,000 ரூபாயைக் கொடுத்துவிட்டால் அம்மாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு நேரத்துக்குப் போயிருக்கலாம். உண்மையில், என் கை பைக்குள் போய்விட்டது. என்னைத் தடுத்தது துணிவு என்று சொல்ல மாட்டேன், பாலிசிப் பத்திரத்தில் எப்போதோ படித்த ஒரு நிபந்தனைதான். நம் நாட்டின் வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்தில், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் காப்பீடு செய்தவர் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குறுதி அளிக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்று இருக்கிறது. சாலையில் நின்று பணத்தைக் கொடுத்தால், தவறு என்னுடையது என்று நானே எழுதிக் கொடுத்ததற்குச் சமமாகிவிடும். என் பாலிசியே எதிராளியின் பின்கதவுக்கும் பொறுப்பேற்கும் ஏற்பாடு என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு அது பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை ஈடு செய்யும். ஆகவே உரிமையாளரிடம், "உங்கள் சேதத்துக்கு நான்தான் காரணம் என்று முடிவானால் என் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், பாலிசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுடையதையும் கொடுங்கள்" என்று சொன்னேன். அவர் எண்ணைத் தரவில்லை. வண்டிப் பதிவெண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்ததில், காப்பீடு நடப்பில் இருப்பது தெரிந்தது. செயலி கைகொடுக்காத நிலையில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-ஆம் பிரிவின்படி, இழப்பீடு கோருபவர் கேட்டால் காவல் நிலைய அதிகாரியோ பதிவு அலுவலகமோ வாகனத்தின் விவரங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தர வேண்டும்.

காவல் நிலையத்தில், யாருக்கும் அடிபடவில்லையே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். சென்னையில் விபத்துகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு தனியாகக் கவனிப்பதால், முதலில் சென்ற நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டேன். அதற்காக யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. உயிர்ச்சேத வழக்குகளே குவிந்து கிடக்கும் மேசையில் என் பம்பர் சிறிய விஷயம்தான். ஆயினும் அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவு, மனிதருக்குக் காயம் ஏற்பட்டால் மட்டும் அல்லாமல், மூன்றாம் நபரின் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும் ஓட்டுநர் அதைக் காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதச் சொல்கிறது. நான் முதல் தகவல் அறிக்கை கேட்கவில்லை. நடந்ததை ஒரு பக்கத்தில் மனுவாக எழுதிக் கொடுத்து, மனுவைப் பெற்றுப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கேட்டேன். கொடுத்தார்கள். அந்த ரசீது யார் மீது தவறு என்று சொல்லாது. ஆனால் நான் என்ன சொன்னேன், எந்தத் தேதியில் சொன்னேன் என்பதற்கு அதுதான் ஆதாரம். இரண்டு வாரம் கழித்து எதிர்த்தரப்பு வேறு கதை சொல்லும்போது, நம் கதை முதல் நாளிலிருந்து மாறவில்லை என்பதே பெரிய பலம்.

மனு எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என் முதல் வரைவில் "வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டியை ஓட்டி" என்று நாளிதழ் நடையில் எழுதியிருந்தேன். பெரியப்பா மகன் அதை அடித்தார். பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டியில் வேகம் எங்கிருந்து வந்தது, நீயே உன் மனுவைப் பொய்யாக்குகிறாயே என்றார். கண்ணால் பார்த்ததை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னார். அதன்படி, என் கார் நின்ற நேரம், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, முன்வண்டியின் எஞ்சின் சத்தம் கூடியது, வண்டி பின்னோக்கி வந்தது, பின்கதவு பானட்டில் பட்டது, சாட்சியின் தொடர்பு எண், பேருந்தின் பதிவெண் ஆகியவற்றை எழுதினேன். கடைசியாக, பாலத்தடியில் உள்ள காவல்துறைக் கேமராவின் 9.35 முதல் 9.50 வரையிலான பதிவை அழியாமல் பாதுகாக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தேன்.

கேமராவுக்காகத்தான் அதிகம் அலைந்தேன். மறுநாள் காலை பாலத்தின் மின்ட் பக்க அடிவாரத்தில் நடந்து, சாலையை நோக்கிக் கேமரா வைத்திருக்கும் கடைகளைத் தேடினேன். ஒரு டயர் கடை அண்ணாச்சி, முதலில் தயங்கிப் பின் சம்மதித்தார். அவருடைய கருவியில் பத்து நாள் பதிவுதான் நிற்கும், அதன் பிறகு பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும் என்றார். கருவியின் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்ததால், அவர் முதலில் காட்டிய இடத்தில் விபத்தே இல்லை. கைபேசி நேரத்தையும் கருவியின் நேரத்தையும் ஒன்றாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு, சரியான இடத்துக்குப் போனோம். பேருந்து என் காரை முழுவதுமாக மறைத்திருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி மெல்ல மெல்ல ஓடவிட்டபோது, பேருந்தின் முகப்புக்கு அப்பால் அந்தத் தார்ப்பாய்ச் சுமையின் மேல்முனை தெரிந்தது. விளக்குக் கம்பத்துக்கு மேட்டுப் பக்கம் தெரிந்த முனை, மூன்று நொடிகளில் கம்பத்தைத் தாண்டிச் சரிவுப் பக்கம் வந்து நின்றது. முந்தைய நாள் நான் எடுத்த ஐந்தாவது படத்தில் அதே கம்பம் இருந்தது.

பதிவைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அது எனக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் எந்தக் கருவி, யார் நகலெடுத்தார், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன்.

அன்று மாலை அம்மாவுக்குக் கழுத்து வலித்தது. பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்துடனேயே, "ஸ்டான்லியில சேத்து ஒரு ஏ.ஆர். காப்பி வாங்கிடுங்க, அப்புறம் பாருங்க, அந்த ஓனர் ஓடி வருவான்" என்றார். ஏ.ஆர். காப்பி என்பது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். காயம் என்று பதிவானால் விவகாரத்தின் தன்மையே மாறிவிடும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வழக்கு, மோட்டார் வாகன ஆய்வாளரின் சோதனை, அந்த ஓட்டுநரின் உரிமத்துக்கு ஆபத்து என்று தொடரும். உண்மையில் வலி இருந்தால் மருத்துவரிடம் போவதும், நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்வதும் கட்டாயம், அதைத் தள்ளிப்போடக் கூடாது. அம்மாவை எங்கள் தெரு மருத்துவரிடம் காட்டினோம். பழைய தேய்மான வலிதான் என்றார். அம்மாவே, "இல்லாத அடிய ஏன் எழுதணும், அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தியா" என்று முடித்துவிட்டார். தவறு யாருடையது என்று போராடும்போது நம் பக்கத்தில் ஒரே ஒரு பொய் இருந்தாலும், அது மற்ற எல்லா உண்மைகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டுச் சர்வேயர் மூன்றாம் நாள் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். அவர் வந்து பார்க்கும் முன் பழுதுபார்க்கத் தொடங்கக் கூடாது. டேப் வைத்துத் தரையிலிருந்து பானட்டின் அடிபட்ட இடம் வரை அளந்தார். என் படங்களில் எதிர்வண்டியின் பின்கதவு நெளிந்த இடத்தைப் பார்த்தார். ஓடிவரும் கார் பிரேக் பிடித்தபடி மோதினால் அதன் முகம் தாழும், அதனால் அடி பானட்டின் மேல்பகுதியில் விழும், உங்கள் காரின் அடி அது நின்றபோது இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது என்று விளக்கினார். தனியாக அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். சாட்சியின் ஒரு வாக்கியம், கம்பத்தைத் தாண்டிய தார்ப்பாய், அடியின் உயரம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் கூசியது. "முன்வண்டியின் பின்டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் இருக்கையிலிருந்து தெரிந்ததா?" தெரியவில்லை. நான் மூன்று அடிக்கும் குறைவான இடைவெளியில் நின்றிருந்தேன். ஏற்றத்தில், அதுவும் சுமை ஏற்றிய வண்டிக்குப் பின்னால், அப்படி நின்றிருக்கக் கூடாது. டயர் தெரியும் அளவுக்குத் தள்ளி நின்றிருந்தால் ஹாரன் அடிக்கவாவது நேரம் கிடைத்திருக்கும். தவறு என்பது ஒருவர் மீது முழுதாகவும் மற்றவர் மீது இல்லாமலும் விழ வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. 2017-இல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலையில் சமிக்ஞை தராமல் கார் திடீரென நின்றதால் அதன் பின்னால் மோதி விழுந்த மாணவர் மீது பேருந்து ஏறியது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கார் ஓட்டுநர் மீது 50 சதவீதம், பேருந்து ஓட்டுநர் மீது 30 சதவீதம், போதிய இடைவெளி விடாத மாணவர் மீது 20 சதவீதம் என்று பொறுப்பைப் பகிர்ந்தது. அதைப் படித்த பிறகு, என் பங்கு பூஜ்யம் என்று சொல்லிக்கொள்வதை நிறுத்திக்கொண்டேன்.

பணக் கணக்குக்கு வருகிறேன். நம் காரின் சேதத்துக்கு நம் காப்பீட்டு நிறுவனத்திடமே வைக்கும் சொந்தச் சேதக் கோரிக்கைக்கு, தவறு யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. இது தெரியாமல் பலர் தவறு முடிவாகும்வரை காத்திருந்து நாட்களை இழக்கிறார்கள். என் செலவு, வரி நீங்கலாக, 21,500 ரூபாய். ஆறு வயதான கார், தேய்மானக் கழிவு இல்லாத சிறப்புப் பாதுகாப்பு என் பாலிசியில் இல்லை. ஆகவே 8,000 ரூபாய்ப் பிளாஸ்டிக் பாகங்களில் பாதி, 2,500 ரூபாய் உலோகப் பாகத்தில் 40 சதவீதம், பெயின்ட்டில் 800 ரூபாய், ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் என 6,800 என் கையிலிருந்து போனது. நிறுவனம் 14,700 கொடுத்தது. அதற்கு விலை உண்டு. நான்கு ஆண்டுகள் கோரிக்கை இல்லாமல் சேர்த்த 45 சதவீத நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி போய்விட்டது, அடுத்த ஆண்டு அது 50 ஆகியிருக்கும். அந்தப் படி 20, 25, 35, 45, 50 என்று மீண்டும் அடியிலிருந்து ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முந்தைய என் சொந்தச் சேதப் பிரீமியம் 5,200 ரூபாய் என்பதால், அது மாறாது என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளில் நான் இழப்பது மொத்தம் 6,500 ரூபாய். 14,700 வாங்கி 6,500 இழப்பது எனக்குச் சரியாகப்பட்டது. செலவு பத்தாயிரத்துக்குள் இருந்திருந்தால் கோரிக்கையே வைத்திருக்க மாட்டேன்.

என் கையிலிருந்து போன தொகையை எதிர்வண்டியின் காப்பீட்டிலிருந்து கேட்கும் வழியும் உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொத்துச் சேதக் கோரிக்கைகளையும் விசாரிக்கும். நம் ஊரில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்கு நீதிமன்றம் அந்தப் பொறுப்பை வகிக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். 6,800 ரூபாய்க்காக அந்தப் படிகளில் ஏற வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது என் கணக்கு, மற்றவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

மூன்றாவது வாரம், உரிமையாளர் காவல் நிலையத்துக்கு வந்து தம் சேதத்துக்கு மீண்டும் பணம் கேட்டார். டயர் கடைக் காணொளியை நான் பேசாமல் ஓட்டிக் காட்டினேன். இரண்டாவது முறை பார்த்தபோது அவர் ஓட்டுநரின் பக்கம் திரும்பினார். ஓட்டுநர் தலை நிமிரவில்லை. சமரசக் கடிதம் எழுதலாம் என்றார் எழுத்தர். எந்தத் தரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வழக்கமான வாசகத்தில் மட்டும் நான் கையெழுத்திடவில்லை. எனக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனத்துக்கு அதை எதிர்த்தரப்பிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே, தம் வண்டி ஏற்றத்தில் பின்னோக்கி உருண்டது, யாருக்கும் காயமில்லை, என்னிடம் தமக்குக் கோரிக்கை இல்லை என்று உரிமையாளர் மட்டும் எழுதிக் கொடுத்தார். நான் அதைப் பெற்றுக்கொண்டதாக மட்டும் எழுதினேன்.

வெளியே வந்தபோது ஓட்டுநர் என் பின்னால் வந்தார். கிளட்ச் நழுவுவதாக இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், வண்டிக்குச் சேதம் வந்தால் வாரம் 500 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பேன் என்று உரிமையாளர் முன்பே சொல்லியிருந்ததாகவும், அந்தப் பயத்தில்தான் முதல் வார்த்தை அப்படி வந்துவிட்டது என்றும் சொன்னார். நான் திரும்ப உள்ளே போய், உரிமையாளரிடம் கிளட்ச்சைப் பற்றிக் கேட்டேன். ஏற்றத்தில் உருளும் வண்டியைத் தெரிந்தே சாலைக்கு அனுப்பினால் அடுத்த முறை பின்னால் கார் இருக்காது, இருசக்கர வாகனம் இருக்கும் என்று சொன்னேன். எழுத்தரும் அதைக் கேட்டார். உரிமையாளர் பதில் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த மகனின் எண்ணுக்கு அழைத்து, மீன்கார அம்மாவிடம் நன்றி சொன்னேன். காசிமேட்டில் ஏலச் சத்தத்துக்கு நடுவே பேசினார். என் காருக்கு எவ்வளவு செலவானது என்று அவர் கேட்கவில்லை. "அந்தப் பையனுக்கு வேலை போச்சா?" என்றுதான் கேட்டார். போகவில்லை, அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார், முந்தின வாரம் மின்ட்டில் பார்த்தேன், கிளட்ச் மாற்றிவிட்டார்களாம் என்று சொன்னேன். "அப்ப சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.